பழைய வர்ஷனில் திறக்காது

...அந்தச் சின்னப் பெட்டியில் பழைய வர்ஷன் என்று மாற்றிவிட்டு சேவ் பண்ணினால் போதும், யாமினியின் லேப்டாப்பில் பைல் திறந்துகொள்ளும், அவ்வளவுதான் வேலை, ஆனால் எதற்கு மாற்ற வேண்டும்? கிரண்குமாரின் விரல் மவுஸின் மேல் சும்மா கிடந்தது. கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் படமாக்கும் சாப்ட்வேர், அதன் புது வர்ஷனில் கண்ணாடி என்னமாய் மின்னுகிறது, ஈரத் தரையில் விளக்கு வெளிச்சம், ஓட்டலுக்குப் பின்னால் சாயங்கால மலை... பழையதில் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வரும், ஆனால் பாதியில் நின்றுபோகாது, பழசைத்தான் நம்பலாம் என்பாள் யாமினி, நம்பட்டும், யார் வேண்டாம் என்றது. கட்டப்போகும் ஓட்டலின் முகப்பு கிரணுக்கு, அவன் பைலைத் திறந்து அதற்குள்ளே ஹால் போடுவது யாமினிக்கு, காலையில் யார் படம் நன்றாக இருக்கிறதோ அவருக்குத்தான் துபாய் ஆபீஸ், சொல்லிவிட்டு முதலாளி கிருஷ்ணப்பா திருப்பதி டிராபிக்கைத் திட்டிக்கொண்டே காரில் ஏறிவிட்டார். அவளோ ஸ்கூட்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு, இத்தனை ஆஸ்பத்திரி இருக்க, புத்தூர்க் கட்டுதான் வேண்டும் என்று கட்டிக்கொண்டு நாராயணவனத்தில் வீட்டோடு கிடக்கிறாள், கையில் ஆபீஸின் அரதப்பழசு லேப்டாப், அதில் புது வர்ஷன் ஏறவே ஏறாது. யார் விழச் சொன்னது? கட்டோடு விமானம் ஏறுவாளா? அடுத்த வாரம் பிரித்துவிடுவார்களாமே... போன மழைக்காலத்தில் இவன் பைல் கெட்டுப்போனபோது விடிய விடிய உட்கார்ந்து மீட்டுக் கொடுத்தவள் அவள்தான், ஆபீஸில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை, அதுதான் இன்றைக்கும் எரிகிறது, நாலு பேரிடம் பீற்றிக்கொண்டிருந்தால் அன்றே வெறுத்துத் தொலைத்திருக்கலாம். பெட்டியை அவன் மாற்றவில்லை. அப்படியே அனுப்பினான்.

போன் வரும் என்று தெரியும், வந்தது. "இன்னா கிரண், பைலு தொறக்கவே மாட்டேங்குது?" புது வர்ஷன்ல பண்ணிட்டேன் யாமினி, பழசுக்கு எறங்காது, என்றான், குரல் நடுங்கவில்லை, அதில் அவனுக்கே ஒரு சந்தோஷம். "சேவ் பண்ற எடத்துல எந்த வர்ஷன்னு கேக்குமே?" "அத இப்போ எடுத்துட்டாங்க." அங்கே யாரோ அவளைத் துன்ன வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள், பிறகு அவள், "எடுத்துட்டாங்களா... சரி, என்னால முடியலன்னு சார்கிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ வேலயப் பாரு," வைத்துவிட்டாள்.

பொய் என்று தெரிந்துதான் வைத்தாள், சந்தேகமே இல்லை. கத்தியிருக்கலாம், திட்டியிருக்கலாம், எத்தனை பதில் தயாராக வைத்திருந்தான், எல்லாம் வாய்க்குள்ளேயே வீணாய்ப் போயிற்று... ஒரே ஒரு தரம் கெஞ்சியிருந்தால் கட்டாயம் மாற்றி அனுப்பியிருப்பான், ஆமாம், அவன் ஒன்றும் ராட்சசன் இல்லை, அனுப்பியிருப்பான்... அனுப்பியிருப்பானா? அவள் கெஞ்சுவதைக் கேட்க வேண்டும் என்று இருந்தது, அது மட்டும் உண்மை, கேட்டுவிட்டு, அதைத்தான் எடுத்துட்டாங்களே என்று இன்னொரு தரம் சொல்லியிருப்பான்.