மச்சான் விட்ட பந்து

என் பெயர் பிச்சைமுத்து. வயது பத்தொன்பது. பிறந்தது மீமிசல். இப்போது இருப்பது புதுக்கோட்டையில், ரெங்கராஜ் முதலாளியின் பஸ் ஷெட்டில். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வண்டிகள் கரி அடுப்பில் ஓடுகின்றன. அந்த அடுப்புக்கு விசிறி சுற்றுவது என் வேலை. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் கண்டக்டர் குழந்தைசாமி அண்ணன். பேசுகிற மாதிரியே எழுதினால் மரியாதையாக இருக்காது என்று என் பேச்சைத் திருத்தித்தான் எழுதுகிறார். எங்கள் ஷெட் புட்பால் டீமில் கோல்கீப்பரும் அவர்தான். ஆனால் நான் சொல்லப்போவது அவருக்கே தெரியாது.

விசிறி சுற்றுவேன் என்பதற்காக முதலாளி என்னை எடுக்கவில்லை. பந்து உதைப்பேன் என்று எடுத்தார். டவுன் லீக்கில் கடைசி இடத்துக்கு வருகிற டீம் மறுவருடம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கவேண்டும். இறங்கினால் டீமைக் கலைத்துவிடுவேன், பந்துக்காக வந்தவர்கள் ஊருக்குக் கிளம்பலாம் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். அக்கா புருஷன் மலையாண்டி மச்சான் ஆத்மநாதன் ரைஸ்மில்லுக்கு வந்ததும் இப்படித்தான். பகலில் மூட்டை தூக்குவார், சாயங்காலம் மில் டீமின் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் பேக் ஆடுவார். அங்கேயும் இதே பேச்சுதான்.

கடைசி நாள் வந்தபோது அடியில் கிடந்தது நாங்களும் மில்லும். அன்றைய ஆட்டமும் எங்களுக்குள்தான். டிரா ஆனால் மில் தப்பிக்கும், நாங்கள் இறங்குவோம். ஜெயித்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு.

ஆட்டத்துக்கு முன்னால் மச்சான் எங்கள் பக்கம் வந்து, என் கணுக்காலில் தொளதொளவென்று இருந்த துணியை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிவிட்டார்.

"இறுக்கமா இருக்கா மாப்ளே?"

"சரியாத்தான் இருக்கு மச்சான்."

"எங்கிட்ட வாரப்ப பாத்து வா. மச்சினன்னு காலத் தள்ளி வைக்கமாட்டேன்."

"நீங்களும் பாத்துக்கங்க. கரிக்கை. புடிச்சேன்னா ஒங்க வெள்ளைச் சட்டை அம்புட்டுதான்."

சிரித்துக்கொண்டே போனார். இருட்டுவதற்குள் எங்களில் ஒருவருக்கு வேலை போய்விடும் என்று இருவருக்கும் தெரியும்.

மைதானத்தைச் சுற்றி மில் ஆட்கள் புருவத்தில் தவிடு ஒட்டியபடியே வந்து நின்றார்கள்.

"கரிச்சட்டிகளா, டிக்கெட் வாங்கிட்டீங்களா? வண்டி ரெண்டாம் டிவிஷனுக்குத்தான் போகுது."

எங்கள் கிளீனர் மதுரைவீரன் விடவில்லை. "கண்ணுல கெடக்குற தவிட்ட மொதல்ல தொடைங்கடா. கோல் எங்கிட்டு இருக்குன்னே தெரியாம ஒதைக்கிறீங்க."

பாதி ஆட்டம் முடிந்தும் கோல் இல்லை. மறுபாதியும் கரைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு தடவை நான் பந்தோடு போனபோதும் மச்சான் குறுக்கே வந்து எடுத்துவிட்டார். சரளைக்கல்லில் பாதம் கிழிந்து எரிந்தது. விசில் ஊதுகிற ரெப்ரி கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஊருக்குப் போய் ஆத்தா முன்னால் வெறுங்கையோடு நிற்பதுதான் கண்ணுக்குள் வந்தது.

அப்போது குழந்தைசாமி அண்ணன் பந்தை நெடுக உதைத்தார். அது எல்லோர் தலைக்கும் மேலே போய்த் தரையில் குதித்து உருள, மச்சான் தன் கோலைப் பார்த்துத் திரும்பி ஓடி அதை எட்டினார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அவருக்கு முதுகுப்பக்கம் நான் ஓடி வந்துகொண்டிருந்தேன். பந்தை அடித்து விலக்க அவர் காலைத் தூக்கிவிட்டார்.

ஆத்தாவுக்கும் அக்காவுக்கும் கரைவலை தெரியும். இந்தக் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். கரையில் நின்று வலைக்கயிற்றை வரிசையாக இழுப்போம். மச்சான் முன்னால், நான் பின்னால். வலை பாறையில் மாட்டிக் கயிறு விறைத்தால் பின்னால் இருப்பவன் குரல் கொடுக்கவேண்டும். முன்னால் இருப்பவன் திரும்பிப் பார்க்காமல் அந்த நொடியே விட்டுவிடவேண்டும். திரும்பிப் பார்த்தால் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். அந்த நேரத்தில் மரியாதை எல்லாம் கிடையாது.

"வுடு மச்சான்."

அதே குரலில்தான் சொன்னேன். தூக்கிய கால் அப்படியே நின்றது. அவர் திரும்பவில்லை. பந்து அவருக்கு முன்னால் உருண்டுபோனது. நான் சுற்றிக்கொண்டு போய் உதைத்தேன். கோல்.

மில் கேப்டன் திருப்பதி ரெப்ரியிடம் ஓடினார். "யாரோ சத்தம் குடுத்து ஏமாத்திட்டாங்க சார். எங்க ஆளு அடிக்கிற பந்த சும்மா விடமாட்டான்."

ரெப்ரிக்கும் ஏதோ கேட்டிருக்கவேண்டும். மச்சானைக் கூப்பிட்டார். "ஒன்ன எதிர் டீம்ல யாராச்சும் விடச் சொன்னாங்களா? சொன்னா கோல் கெடையாது."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கணுக்கால் துணியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

"யாரும் சொல்லல சார். கால் வழுக்கிருச்சு."

இந்த இடத்தில் குழந்தைசாமி அண்ணன் பேனாவை வைத்துவிட்டார்.

"எனக்குக் கேக்கவே இல்லையேடா."

"நீங்க அந்தக் கோடியில நின்னீங்கண்ணே."

"மொதலாளி காதுக்குப் போனா என்ன ஆகும்னு தெரியுமா? வழுக்குனதாவே இருக்கட்டும். அப்படியே எழுதிர்றேன்."

"வேணாம்ணே. சொன்னத எழுதுங்க."

பேனாவை மறுபடி எடுத்து எழுதினார்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஆட்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். முதலாளி மாலை போட்டார். மேலே இருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் தெரிந்தது. மில் ஆட்கள் மச்சானைச் சுற்றி நின்று, "எவ்வளவுடா வாங்குன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவர் முகத்தில் தவிட்டை வாரி எறிந்தான். அவர் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டார். இறக்கிவிடுங்கள் என்று கத்தினேன். சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்து இன்னும் உயரத் தூக்கினார்கள்.

மறுநாள் காலை எங்கள் ஊர்ப்பக்கம் போகிற அறந்தாங்கி வண்டிக்கு விசிறி சுற்றிக்கொண்டிருந்தபோது மச்சான் பெட்டியோடு வந்தார். என் கை நின்றுவிட்டது.

"சுத்து மாப்ளே. கரி அணைஞ்சிரும்."

"மச்சான், நான் வந்து ரெப்ரிகிட்ட சொல்லிர்றேன்."

"நேத்து சொல்லியிருக்கணும். இப்பச் சொன்னா ஒன் வேலையும் போயிரும். ரெண்டு பேரும் ஒரே வண்டியில போய் எறங்குனா ஒங்க ஆத்தா எங்கிட்டுப் போகும்?"

"அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"வழுக்கிருச்சுன்னுதான்." வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கிளம்பும்போது ஜன்னல் வழியாகச் சொன்னார்: "ஒன்னு மட்டும் சொல்றேன். இனிமே கரைவலையில என் பின்னால நிக்காத."

இப்போது ஷெட்டில் எல்லோரும் என்னைக் கோல்காரன் என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை.

இதை வாசிக்கிறவருக்கு: மச்சான் பக்கத்தில் இருந்தால் பாதியில் போதும் என்பார். நிறுத்தவேண்டாம். என் அக்கா அழகம்மாள் காதில் விழும்படி, முழுவதையும் சத்தமாக வாசியுங்கள்.