டிராக்டர் சட்டை

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருக்கையில், பெரெகால்யா கால்பந்துக் கழகத்தின் தலைவி எடெல்கா உடைமாற்றும் அறையின் கதவைத் தள்ளித் திறந்தாள். மேல்தெரு ஆட்கள் எட்டுப் பேரும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். புதுச் சட்டைகள் தரையில் கிடந்தன.

"என்னடா இது? வெளிய நடுவர் விசிலைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு. நீங்க எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

மேல்தெருக்காரர்களின் தலைவன் வெண்டெல், பஸ் ஓட்டுபவன், ஒரு சட்டையைக் கால் நுனியால் அவள் பக்கம் நகர்த்தினான். "நெஞ்சுல என்ன தச்சிருக்குன்னு நீங்களே பாருங்கக்கா."

பார்த்தாள். கழகச் சின்னத்துக்குக் கீழே தங்க நூலில் 1921 என்று இருந்தது.

இந்த எண்ணின் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஓடைக்குக் கீழ்ப்பக்கம் செங்கல் சூளைக்காரர்கள் 1921இல் ஒரு அணி ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காமல், ஓடைக்கு மேல்பக்கம் தீயணைப்புப் படை இளைஞர்கள் 1924இல் இன்னொன்று தொடங்கினார்கள். முப்பது வருஷம் ஒருவர் காலை ஒருவர் உடைத்துக்கொண்டார்கள். பிறகு பொதுவுடைமை ஆட்சியில் கூட்டுப் பண்ணை வந்தது. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி, ஒரே ஊருக்கு இரண்டு அணி எதற்கு என்று இரண்டையும் ஒன்றாக்கி, சின்னத்தில் ஒரு டிராக்டரை வரைந்து, பெயரையும் 'டிராக்டர்' என்று மாற்றிவிட்டுப் போனார். இரண்டு தெருவும் ஒரே குரலில் திட்டியது அந்த அதிகாரியை மட்டும்தான். ஆட்சி மாறிய மறுநாளே டிராக்டரை அழித்தார்கள். அணி மட்டும் ஒன்றாகவே தங்கிவிட்டது; பிரித்தால் இரண்டு பக்கமும் ஆள் பற்றாது.

நூற்றாண்டை மட்டும் தனித்தனியாகத்தான் கொண்டாட முடிந்தது. கீழ்தெரு மூன்று வருஷம் முன்பே முடித்துவிட்டது. இது மேல்தெருவின் முறை. அதனால்தான் எடெல்கா, சட்டையில் ஆண்டே வேண்டாம் என்று தையற்கூடத்தில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"ஓட்டோ!" என்று வராந்தாவைப் பார்த்துக் கத்தினாள்.

கீழ்தெருக் கோல்காப்பாளன் ஓட்டோ கையுறையை மாட்டிக்கொண்டே வந்தான். கூரை வேலை செய்பவன்; சட்டைக்குப் பணம் கொடுத்தவனும் அவன்தான்.

"தையக்காரனுக்குப் போன் போட்டது நீயா?"

"ஆமா. நெஞ்சு மொட்டையா இருந்துச்சு, அழகாவே இல்ல."

"அழகாடா இது? முன்னாடியே பிரிச்சுப் பார்த்திருந்தா—"

"புதுச் சட்டைய ஆட்டத்துக்கு முன்னாடி பிரிச்சா தோத்துருவோம். அது வழக்கமில்லையாக்கா?"

வழக்கம்தான். இந்த ஊரில் மூளையைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கம் உண்டு.

வெண்டெல் கையைக் கட்டிக்கொண்டான். "எங்க கொள்ளுத்தாத்தா தீயணைப்பு வண்டிய வித்துப் பந்து வாங்கினவரு. இந்தச் சட்டைய நாங்க போட மாட்டோம்."

"அதான் அந்த வருஷம் உங்க தெருவே எரிஞ்சுதா?" என்றான் ஓட்டோ.

எடெல்கா இருவருக்கும் நடுவில் புகுந்தாள். "வாய மூடுங்கடா ரெண்டு பேரும். கணக்கு தெரியுமா தெரியாதா? ஏழு பேருக்குக் கொறஞ்சா ஆட்டம் கெடையாது. கீழ்தெருவுல ஆறு பேருதான். திராட்சை அறுப்புன்னு ஒரு தடவ யாரும் வரல. நம்ம அணி இமானுவேல் கல்யாணம்னு இன்னொரு தடவ. இன்னைக்கும் இறங்கலன்னா மூணாவது. லீக்ல இருந்து தூக்கிருவாங்க. தூக்கினா இந்த மைதானத்துல சோலார் பலகை நடுறதுக்கு ஆளு காத்துக்கிட்டிருக்கான். அப்புறம் உங்க வருஷத்த பலகைல ஒட்டிக்கோங்க!"

யாரும் அசையவில்லை. பயம் முகத்தில் தெரிந்தது. ஆனால் அடுத்தவன் முதலில் இறங்கட்டும் என்றே ஒவ்வொருவனும் காத்திருந்தான்.

போன வருஷச் சட்டைகளைப் பக்கத்து ஊர்ச் சிறுவர்களுக்குத் தானம் செய்தாயிற்று. புதுச் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் முதுகில் எண் தெரியாது; எண் இல்லாமல் நடுவர் விடமாட்டார். ஜன்னல் வழியே பார்த்தாள். மைதானக் கோட்டோரம் இரண்டு கொப்பரைகள் கொதித்துக்கொண்டிருந்தன, தெருவுக்கு ஒன்று. ஆட்டுக்கறிக் குழம்பைக் கரண்டி விட்டுக் கலக்கக் கூடாது, கறி சிதைந்துவிடும். கைப்பிடியைப் பற்றிக் கொப்பரையையே இப்படியும் அப்படியும் சுழற்ற வேண்டும். இரண்டு கிழவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆடாமலே மூன்று புள்ளி கிடைக்கும் என்ற சந்தோஷத்தில், எதிரணியினர் ரொட்டியைத் தொட்டு இரண்டு கொப்பரையிலும் ருசி பார்த்தார்கள்.

நடுவர் கதவைத் தட்டினார். "மேடம், காத்திருக்கிற நேரம் ஓடிக்கிட்டிருக்கு."

"ஓடட்டும், அதாவது ஓடுதே," என்றாள் எடெல்கா. சுவரோரம் சாய்ந்தபோது முதுகில் மெத்தென்று ஏதோ பட்டது. தண்ணீர்க் குழாய். பனிக்காலத்தில் குழாய் உறைந்தால் உள்ளே நீர் பனிக்கட்டியாகி விரிந்து இரும்பையே பிளந்துவிடும். அதனால் ஒவ்வொரு அக்டோபரிலும் அவளே பழந்துணி சுற்றிக் கயிற்றால் கட்டிவிடுவாள். எந்தப் பழந்துணி என்று இத்தனை வருஷத்தில் அவள் யோசித்ததே இல்லை.

கயிற்றை அறுத்தாள். மங்கிய பச்சையில் ஒரு சட்டை உருண்டு விழுந்தது. நெஞ்சில் டிராக்டர். முதுகில் எண். ஆண்டு கிடையாது. சுவர் நெடுக உரித்துக்கொண்டே போனாள்.

"சீ, துருநாத்தம்," என்றான் வெண்டெல்.

"டிராக்டரா? எங்கப்பா பார்த்தா செருப்பால அடிப்பாரு," என்றான் ஓட்டோ.

"உனக்கும் புடிக்கல, அவனுக்கும் புடிக்கல. அப்ப ரொம்பச் சரி. போடுங்கடா!"

வெண்டெல் ஓட்டோவைப் பார்த்தான். "நீ போட்டா நான் போடுறேன்."

"சேர்ந்தே போடலாம்."

ஆட வேண்டிய பதினொரு பேரும் தலையை ஒரே நேரத்தில் சட்டைக்குள் நுழைத்தார்கள். குழாய் வளைவு பதிந்த தோள்களோடு இறங்கியவர்களைப் பார்த்து எதிரணி சிரித்தது. வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தவர்களால் ஓட முடியவில்லை. ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. கழகம் லீக்கில் தங்கியது, மைதானமும் தப்பியது.

எடெல்கா அறைக்குத் திரும்பினாள். கொப்பரைகளின் பக்கமிருந்து சத்தம் கேட்டது.

"டிராக்டர் நின்னது எங்க தெருக் கொட்டகைலதான்! அது எங்க அணி!" என்றது வெண்டெலின் குரல்.

"ஓட்டினது யாரு? எங்க பெரியப்பா!" என்றான் ஓட்டோ.

எடெல்கா வெளியே போகவில்லை. குழாய்கள் அம்மணமாகக் கிடந்தன. இரவில் உறைபனி விழும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். தரையில் கிடந்த புதுச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தங்க நூல் உள்பக்கம் போகும்படி குழாயில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். துணி நல்ல கனம். குளிர் உள்ளே போகாது.