விரலுக்கு மார்க்

…கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரிக்க வேண்டுமாம், பத்துத் தடவை, வேகமாக, வீடியோவைப் பார்த்துக் கம்ப்யூட்டர் என் நடுக்க நோய்க்கு மார்க் போடுமாம், சைபர் என்றால் நல்ல கை, நாலு என்றால் மோசம், மூன்றைத் தொட்டுவிட்டால் திண்டிவனத்து இட்லிக் கடையைப் பூட்டிவிட்டு மகன் பிரகாஷோடு மெட்ராஸ் போய்விட வேண்டும், அப்படி ஒத்துக்கொண்டுதான் இந்த விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், போடட்டுமே, முப்பது வருஷம் மாவு கரைத்த கைக்கு மார்க் போட ஒரு பெட்டியா… விரல்கள் தானாக உருள்வதைப் பார்த்து, சவுரியம்மா எந்நேரமும் ஜெபமாலை சொல்லிக்கினே இருக்குது என்று கோயிலில் மெச்சினார்கள், பங்குச் சாமியாரும்தான், நானும் வாயைத் திறக்கவில்லை, மணியே இல்லாத மாலைக்கு இரண்டு வருஷம் நல்ல பேர் வாங்கினேன், மாதா மன்னிப்பாள், பிரகாஷ்தான் விடமாட்டான், "தனியா இருந்து இருந்து சிரிக்கிறதையே வுட்டுட்டியேம்மா, எங்க மேல கோவம்னா சொல்லிடு" என்று பஸ்ஸிலும் அதே பாட்டு, நானா சிரிக்கவில்லை, கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சிரித்துக்கொண்டுதானே இட்லி வைக்கிறேன், இவனுக்குத்தான் கண் அவிந்துவிட்டது…

"ஜல்தியா தட்டுங்கம்மா" என்கிறாள் கேமரா பிடிக்கிற பவுலின், தட்டினேன், வேண்டுமென்றே சிரித்துக்கொண்டே தட்டினேன், பின்னால் நிற்கிறானே, அவனும் பார்க்கட்டும். இரண்டு! பெட்டியே சொல்லிவிட்டது, "பாத்தியாடா, கடைய எவன் பூட்டுவான்" என்று திரும்பினால் அவன் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான், வீடியோ மறுபடி ஓடுகிறது, விரல் தட்டுகிறது, சரி, அதற்கு மேலே யார் இந்தக் கிழவி, சுவர் மாதிரி முகம், உதடு அசையவில்லை, நானா, சிரித்தேனே, இப்போதுதானே சிரித்தேன்… "இந்த நோவுல மூஞ்சியும் இறுகிடும்மா, உள்ள சிரிச்சாலும் வெளிய தெரியாது" என்கிறாள் பவுலின். "அப்ப கோவம் இல்லியாம்மா?" பிரகாஷின் குரல் உடைகிறது. அட பாவி, இத்தனை நாளும் அதைத்தான் சுமந்துகொண்டிருந்தானா, பேரப்பிள்ளைகள் என் மடிக்கு வராததும் இந்த முகத்தைப் பார்த்துத்தானா… அழமாட்டேன், இந்த வியாதிக்கு எதிரில் அழுவேனா. "இன்னொரு தபா எடும்மா, கைய வுடு, மூஞ்சிய எடு." கேமரா மேலே ஏறுகிறது, சிரிக்கிறேன், இன்னும் பெரிதாக, கன்னம் வலிக்கச் சிரிக்கிறேன், பிரகாஷ் குனிந்து பார்க்கிறான், வந்ததா, வரவில்லையா, அவன் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.