நாலு மணிக்கு அந்தக் கதிரையில

எங்கட முதலாளி டோர்பெனுக்கு வெட்கம் எண்ட சாமான் மருந்துக்கும் இல்லை. பெப்ரவரியில ஒரு நாள் என்ர மேசைக்குப் பக்கத்தில வந்து நிண்டான். கோப்பியை உறிஞ்சி உறிஞ்சிக் கதை சொன்னான். ஓகூஸ் நகரத்தில கறுப்பினத் தொழில்நுட்பக்காரருக்கு ஒரு மாநாடு நடக்கப்போகுதாம், எங்கட கொம்பனியும் வேலைக்கு ஆள் பிடிக்க அதில ஒரு மேசை எடுத்திருக்காம், நான்தான் போய் நிக்க வேணுமாம். நான் கறுப்பினம் இல்லை, இலங்கைத் தமிழ் எண்டன். ஓமோம், அது தெரியும், ஆனா நீ அங்க பொருந்துவாய்தானே எண்டு சிரிச்சுப்போட்டுப் போட்டான். எனக்கு வந்த எரிச்சலுக்கு அவன்ர கோப்பியைப் பறிச்சு அவன்ர தலையிலயே ஊத்தியிருக்கலாம். செய்யேல்லை. வழக்கம்போலத் தலையாட்டினன்.

முப்பத்தொரு பேர் வேலை செய்யிற கொம்பனி, டென்மார்க்கில சில்க்போர்க் எண்ட ஊரில. அதில வெள்ளைத் தோல் இல்லாத ஆள் இப்ப நான் ஒருத்திதான். போன ஒக்ரோபர் வரைக்கும் இன்னொருத்தி இருந்தவள். அவளின்ர கதைக்குத்தான் வாறன்.

மாநாட்டைப் பற்றி அம்மாவிட்டச் சொன்னது என்ர பிழை. அம்மா அருள்நாயகி ஹேர்னிங்கில இருக்கிறா, துணி ஃபக்ரறியில இருபத்திரண்டு வருசம் நிண்டு உழைச்ச மனிசி. அவையளின்ர கூட்டத்தில உனக்கென்ன அலுவல் எண்டு கேட்டா. "அவையள்" எண்டு கேக்கேல்லை. அவ சொன்ன சொல்லை நான் இதில எழுதமாட்டன், எங்கட வீடுகளில வளந்த எல்லாருக்கும் அது தெரியும். சின்ன வயசில வெயிலுக்க நிண்டு விளையாடிப்போட்டு வந்தால் எனக்கும் அந்தச் சொல்லாலதான் பேச்சு விழும். இந்த முறையும் நான் அம்மாவைத் திருத்தேல்லை, போனை வைச்சிட்டன். திருத்துறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை?

சனிக்கிழமை காலமை காரை எடுத்துக்கொண்டு ஓகூஸுக்குப் போனன். துறைமுகத்துப் பக்கம் பெரிய கண்ணாடிக் கட்டிடம். வாசலில பேர் பதியிற பெண், சுஜீதா எண்ட பேரை ஒருக்கா என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டுப்போட்டு, அப்படியே பிசகில்லாமல் திருப்பிச் சொன்னவ. எங்க இருந்து வாறாய் எண்டா. சில்க்போர்க் எண்டன். சரி எண்டு அட்டையைத் தந்தவ. "இல்லை, உண்மையா எங்க இருந்து" எண்ட அடுத்த கேள்வியை நான் எதிர்பாத்துக்கொண்டு நிண்டன், அது வரவே இல்லை. ஏழு வயசில இந்த நாட்டுக்கு வந்தனான், ஒருத்தர் முதல் கேள்வியோட நிப்பாட்டினது அண்டைக்குத்தான் முதல் தரம்.

உள்ள முன்னூறு பேர் இருக்கும். பாங்கில வேலை செய்யிறவை, ரோபோ செய்யிறவை, சொந்தக் கொம்பனி நடத்திறவை. டெனிஷிலயும் இங்கிலிஷிலயும் கலந்து பெரிசாச் சிரிச்சுக் கதைக்கினம். நான் ஒரு அறைக்குள்ள போனால் முதல் வேலையா அங்க என்னைப்போல ஆரும் இருக்கினமோ எண்டு எண்ணிப் பாப்பன், அது என்ர வியாதி. அங்க எண்ணவேண்டி வரேல்லை. சும்மா சொல்லக்கூடாது, ஒரு பத்து நிமிசம் நெஞ்சுக்குள்ள நல்ல சுகமாத்தான் இருந்தது.

பிறகு என்ர மேசைக்குப் போய், டோர்பென் தந்துவிட்ட நீட்டுப் பையைத் திறந்தன். இழுத்து நிமித்திற பதாகை. இழுக்க இழுக்க முதல்ல கொம்பனியின்ர பேர் வந்துது, பிறகு "எங்களிடம் எல்லோருக்கும் இடமுண்டு" எண்ட வரி, அதுக்குக் கீழ ஒரு ஆளளவுக்குச் சிரிச்சுக்கொண்டு கிளோறியா.

சீ. போன ஒக்ரோபரில நாங்கள் வேலையால கலைச்ச பிள்ளையின்ர படம் அது. வெள்ளிக்கிழமை காலமைகளில எல்லாரும் சேந்து பாண் சாப்பிடுறது எங்கட கந்தோரில வழக்கம், அப்பிடி ஒரு நாள் எடுத்த படம். ஆளை வெளியில தள்ளிப்போட்டு அவளின்ர பல்லை மட்டும் எடுத்து வைச்சிருக்கிறாங்கள். அந்த அருவருப்பில பதாகையைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் பாக்க வைச்சன்.

ஆனா டோர்பெனில மட்டும் பழியைப் போட்டுப்போட்டு நான் நழுவ ஏலாது. நடந்ததைச் சொல்லுறன்.

கிளோறியா விபோர்க்கில பிறந்து வளந்தவள். தாய் தகப்பன் கானாவில இருந்து வந்தவை. ஓகஸ்டில எங்களிட்ட வேலைக்கு வந்தவள். மூண்டு மாசம் பாத்துப்போட்டுத்தான் ஆளை நிரந்தரமாக்குவினம். பால் லொறியள் எந்தப் பண்ணைக்கு எத்தினை மணிக்குப் போகவேணும் எண்டு சொல்லுற மென்பொருள்தான் எங்கட தொழில். புதுப் பட்டியலை அனுப்புறதெண்டால் மூலையில இருக்கிற ஒரு பழைய கொம்பியூட்டரில இருந்துதான் அனுப்பலாம். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல், ஆர் அனுப்பினது எண்டு அதில பதியாது. அதாலதான் ஒராள் அனுப்ப முதல் இன்னோராள் பாக்கவேணும் எண்டு ஒரு விதி வைச்சிருக்கிறம்.

இந்த நாட்டில எல்லாத்துக்கும் வருசத்தில எத்தினையாவது வாரம் எண்ட கிழமை இலக்கம்தான், தேதியை ஒருத்தரும் சொல்லமாட்டினம். ஒக்ரோபரில ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணி. பிள்ளையளைக் கூப்பிட நேரமாச்சு எண்ட அவதியில, ஒருத்தரையும் பாக்கச் சொல்லாமல், நாப்பத்தோராம் கிழமைப் பட்டியல் எண்டு நினைச்சு நாப்பத்திரண்டாம் கிழமையின்ர லொறி குறைஞ்ச லீவுப் பட்டியலை அனுப்பிப்போட்டுப் போட்டன். அடுத்தநாள் பத்தொன்பது பண்ணைக்கு லொறி போகேல்லை. சனங்கள் பாலை நிலத்தில ஊத்திச்சுதுகள்.

திங்கக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு டோர்பென் கேட்டான், ஆர் அனுப்பினது எண்டு. நான் வாயைத் திறக்க முதலே அவனே சொன்னான், வியாழக்கிழமை நாலு மணிக்கு அந்தக் கதிரையில கிளோறியா இருந்ததைத் தான் கண்ணால கண்டனான் எண்டு. கண்ணாடிக்கு அங்கால இருந்து ஒரு கறுத்த முதுகைக் கண்டிருக்கிறான், அவ்வளவுதான். நான் இல்லை எண்டாள் அவள். கண்டனான் எண்டான் அவன். நான் மேசையில வெள்ளிக்கிழமை மிஞ்சிக் கிடந்த பட்டரைப் பாத்துக்கொண்டிருந்தன். எனக்கு வீட்டுக் கடன் இருக்கு, ரண்டு பிள்ளையள் இருக்கு, அவள் இளம் பிள்ளை, அவளுக்கு வேற வேலை கிடைக்கும் எண்டெல்லாம் அந்த ஒரு நிமிசத்துக்குள்ள எனக்குள்ள ஒரு அப்புக்காத்து வழக்காடி முடிச்சிட்டான். வெள்ளிக்கிழமை அவளை வேலையால நிப்பாட்டிச்சினம்.

இப்ப விளங்குதோ, அந்தப் பதாகையை நான் ஏன் சுவருக்குத் திருப்பினனான் எண்டு.

பத்தரை மணிபோல ஆரோ பின்னால வந்து என்னைக் கட்டிப்பிடிச்சவை. திரும்பினால் கிளோறியா. கொம்பனி உன்னை அனுப்பினதோ, நல்ல காலம் எண்டாள். பதாகையைத் தானே திருப்பிப் பாத்தாள். தன்ர முகத்தைக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டாள். என்னைக் கேட்டோ போட்டவை எண்டு மட்டும் சொல்லி, அடியில இருந்த விசையை அமத்தினாள். பதாகை படாரெண்டு உள்ள போச்சுது.

பிறகு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சங்கதியைச் சொன்னாள். அஞ்சு மாசமா வேலை இல்லை. மூண்டு மாசத்தில நிப்பாட்டின ஆள் எண்டால் ஒருத்தரும் தொடமாட்டினம். இண்டைக்கு ரண்டு மணிக்குக் கொபன்ஹேகன் கொம்பனி ஒண்டு, ஆஸ்பத்திரி மென்பொருள் செய்யிறவை, இங்கேயே அவளை நேர்முகம் பாக்கினம். முதல் வேலை ஏன் போனது எண்டு கட்டாயம் கேப்பினம். டோர்பெனிட்டக் கேட்டால் முடிஞ்சுது.

"நீ எனக்காக ஒருக்கா கதைப்பியோ? அங்க என்ர வேலையைத் தெரிஞ்ச ஆள் நீ. என்னோட இருந்து சாப்பிட்ட ஆளும் நீதான்."

ஓம் எண்டன். வேற என்னத்தைச் சொல்ல.

பதினொரு மணிக்கு மண்டபத்தில ஒரு பேச்சு. மேடையில நிண்டவர், வேலையிடத்தில உங்களை மற்றக் கறுத்த ஆளின்ர பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கினமோ, கையை உயத்துங்கோ எண்டார். முழு மண்டபமும் கையை உயத்திச்சு, ஒரே சிரிப்பு. அது வயிறெரிஞ்சு சிரிக்கிற சிரிப்பு. என்ர கையும் தன்பாட்டில மேல போச்சு. எனக்குப் பக்கத்தில கிளோறியா, தன்ர கையால என்ர கையைத் தட்டிச் சிரிச்சாள். அப்பதான் எனக்கு உறைச்சுது. இவ்வளவு சனத்துக்கும் ஆள் மாறிப் பாக்கிற அந்தப் பிழையால நட்டம். லாபம் பாத்தது அந்த மண்டபத்தில நான் ஒருத்தி மட்டும்தான். கையை இறக்கினன். டோர்பெனில வந்ததைவிடப் பெரிய அருவருப்பு என்னில வந்தது. அவனுக்கு எங்களைப் பிரிச்சுப் பாக்கத் தெரியேல்லை. எனக்கு அது நல்லாத் தெரிஞ்சும், அவனுக்குத் தெரியாததில ஒளிச்சுக்கொண்டிருந்தனான்.

ஒண்டரைக்கு அந்தக் கொபன்ஹேகன் கொம்பனிப் பெண்ணை கிளோறியா என்ர மேசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐம்பது வயசிருக்கும், கதையில நிதானமான ஆள். நான் கிளோறியாவைப் புகழ்ந்தன். பொய்யில்லை. வேகம், கவனம், கேள்வி கேக்கிற துணிவு எல்லாம் சொன்னன். நல்லா வடிவாக் கதைச்சன். கதைக்கேக்க, இப்பிடியே நல்ல வாக்குக் குடுத்துத் தப்பிவிடலாம் எண்டு மனசு கணக்குப் போட்டுது. என்ர மனசைப்பற்றிச் சொல்லவும் வேணுமோ?

"இவ்வளவு திறமையான ஆளை ஏன் நிப்பாட்டினீங்கள்?" எண்டு அந்தப் பெண் கேட்டா.

பட்டியல் ஒண்டு பிழையாப் போனது, ஆர் அனுப்பினது எண்டு தெரியாது, பழி என்னில விழுந்தது எண்டு கிளோறியா தானே சொன்னாள். சொல்லிப்போட்டு, நான் ஆமோதிப்பன் எண்டு என்னைப் பாத்தாள். அந்தப் பெண்ணும் என்னைப் பாத்தா. ஆர் அனுப்பினது எண்டு தெரியாது எண்டு நானும் தலையாட்டியிருந்தால் எல்லாம் சரி. என்ர கழுத்து அதுக்கு நல்லாப் பழகின கழுத்துத்தான்.

"அனுப்பினது நான். நாலு மணிக்கு அந்தக் கதிரையில இருந்தது நான். முதலாளி ஆள் மாறிச் சொல்லேக்க, நான் வாய் திறக்கேல்லை."

கிளோறியா என்ர கையில இருந்த தன்ர கையை எடுத்தாள். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பாத்துப்போட்டு, ரண்டு மணிக்குச் சந்திப்பம் எண்டு கிளோறியாவிட்ட மட்டும் சொல்லிப்போட்டுப் போனா. அது சரி.

டோர்பெனுக்கு இப்பவே எழுது எண்டாள் கிளோறியா. தனக்கும் ஒரு பிரதி வரவேணுமாம், கையில வைச்சுக்கொண்டுதான் உள்ள போவாளாம். நிண்ட நிலையில போனில எழுதினன். ஒக்ரோபரில ஒரு குழப்பம் நடந்தது எண்டு தொடங்கினன். அவள் போனை வாங்கி வாசிச்சு, அந்தச் சொல்லை அழிச்சாள்.

"இதில குழப்பம் ஒண்டும் இல்லை. நீ அனுப்பினனி. நீ பேசாமல் இருந்தனி. ரண்டையும் எழுது."

எழுதினன். திங்கக்கிழமை எனக்கு அங்க வேலை இருக்குமோ தெரியாது. அனுப்பினன். அவளின்ர போன் கிணுங்கிச்சு, அவள் திறந்து முழுக்க வாசிச்சாள். என்னை மன்னிச்சுக்கொள் எண்டு சொல்ல வாயெடுத்தன். அவள் கையைக் காட்டி நிப்பாட்டினாள்.

"அந்த வியாழக்கிழமை மூண்டு மணிக்கே நான் வெளிக்கிட்டிட்டன்," எண்டாள். "பல்லு வைத்தியர். வரச்சொல்லி நேரம் போட்ட மெசேஜ் என்ர போனில கிடந்தது. கூட்டம் முடிய டோர்பெனுக்குக் காட்டவெண்டு அவன்ர கதவு வரைக்கும் போனனான்."

பிறகு ஏன் காட்டேல்லை எண்டன்.

"நான் இல்லையெண்டால் அடுத்ததா உன்னைத்தான் சொல்லுவான். அங்க எங்களை விட்டால் வேற ஆர்? நீ ஒரு பிழையும் செய்யாமல் உனக்கு வேலை போகும், உனக்கு ரண்டு பிள்ளையள் எண்டு திரும்பி வந்திட்டன்."

ரண்டு மணிக்கு அஞ்சு நிமிசம் இருந்தது. அவள் ஜக்கெற்றை இழுத்துவிட்டு, தலைமயிரை ஒருக்கா தடவிப்போட்டு, நேர்முக அறைக்குப் போனாள். எங்கயாவது போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கவேணும்போல இருந்தது எனக்கு. சுத்திவர அவ்வளவு சனம் நிண்டும், ரொய்லெற் எந்தப் பக்கம் எண்டு ஒருத்தற்ற முகத்தையும் பாத்துக் கேக்க என்னால ஏலேல்லை.