உயரமாக மிதந்த பை

உயிரின் விலை இருபத்தேழு பவுண்டு, இரண்டாக எடுத்தால் எவ்வளவு குறைப்பாய் என்று கடைக்காரனைப் பிய்த்தெடுத்து அதையும் இருபத்து மூன்றுக்கு இறக்கியவள் மாவிஸ், வாங்கியது நீச்சல் பை, துணி, காலணி, ரொட்டி எல்லாம் திணித்து வாயைச் சுருட்டிக் கட்டினால் உள்ளே மாட்டிய காற்றில் மிதக்கும் ஆரஞ்சுப் பை, இடுப்பில் கயிறு கட்டி அதை இழுத்துக்கொண்டே ஏரியை நீந்திக் கடப்பது, அக்கரையில் துடைத்து உடுத்திக்கொண்டு மலையடிவாரமாகச் சுற்றி நடந்து காருக்குத் திரும்புவது, பதினெட்டு வருஷமாக அவளுக்கும் புருஷன் டெரிக்குக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான், ஆனால் இன்றைக்கு அவன் பை ஏன் இவ்வளவு உயரமாக மிதக்கிறது... முக்கால்வாசி நீருக்கு வெளியே, வாத்து மாதிரி தலையாட்டிக்கொண்டு. காலணி மட்டுமே ஒன்றரைக் கிலோ இருக்குமே. காற்றைக் கூடுதலாக அடைத்திருப்பான், தோள்வலிக்காரன், அப்படித்தான் இருக்கும், கையை நீட்டு, இழு, மூச்சு... க்ரம்மக் ஏரி செப்டம்பர் கடைசியில் விரல் நுனியிலிருந்து தின்ன ஆரம்பிக்கும். போன மாதம் அடுப்பை அணைக்காமல் வெளியே போனது யார், அவன். செத்து மூன்று வருஷமான அக்காவைத் தேநீருக்குக் கூப்பிடலாமா என்று கேட்டது யார், அவன். அவள் வெளியே சொல்லவில்லை, சொன்னால் உண்மையாகிவிடும். கெண்டல் சந்தையில் முப்பது வருஷம் துணி விற்ற அவள் கை, தூக்கினாலே எடை சொல்லும், காலையில் அவன் பையை மட்டும் ஏன் தூக்கிப் பார்க்கவில்லை? தூக்கினால் தெரிந்துவிடும் என்றா?

"என்ன கிழவி, பின்னாலயே வர்ற? என் அழகப் பார்க்கிறியா?"

"நாப்பது வருஷமா பார்த்தாச்சு, புதுசா ஒண்ணும் முளைக்கல. நேரா நீந்து."

நேராகத்தான் நீந்தினான், அதுதான் வேடிக்கை, கரை தவறவில்லை. அக்கரைக் கல்லில் உட்கார்ந்து பையின் கட்டை அவிழ்த்தபோது புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான், பை தட்டையாகி அவன் மடியில் படுத்துக்கொண்டது. மழை பிடித்துவிட்டது, அவன் உதடு நீலம், நீரைவிட்டு ஏறிய பத்து நிமிஷத்தில்தான் குளிர் எலும்புக்குள் இறங்கும், போனில் சிக்னல் ஒரு கோடுகூட எழவில்லை, திரும்ப நீந்தினால் பாதி வழியில் போய்விடுவான்.

"உன் துணி எங்க டெரிக்?" கத்தக்கூடாது, மெதுவாகக் கேட்டாள், குழந்தையிடம் கேட்பதுபோல.

"உன் பையில." பற்கள் தந்தியடித்தன. "நீதானே சொன்ன, உனக்குத் தோள் வலி, ரெண்டு பேர் துணியையும் நானே இழுக்கறேன்னு. வெறும் பைய மட்டும் கட்டிக்கோ, பிடிச்சு மிதக்க ஆகும்ன. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டே சொன்ன. கத்திய என் மூக்குக்கு நேரா ஆட்டுன."

பாவம், கதை கட்டுகிறான், என்று நினைக்கப் போனவள் பாதியில் நின்றாள். கத்தி ஞாபகம் இருந்தது. அதன் நுனியில் ஒட்டிய வெண்ணெய், அவன் மூக்கு, ஜன்னலில் மேகம், எல்லாம் இருந்தது, நடுவே அவள் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. என்ன சொன்னாள்? கட்டிலில் மடித்து வைத்த அவன் கம்பளிச் சட்டை... அதை மடித்தது யார் கை? தன் பையைக் கவிழ்த்து உதறினாள், இன்னொரு முறை உதறினாள், விழுந்தது அவள் உடுப்பு மட்டும்தான்.

"என்ன மாவிஸ், கடை விரிக்கிறியா?" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

பேசாதே, உடுத்து. கம்பளிச் சட்டை ஒன்று, அவனுக்கு. மழைக்கோட்டு ஒன்று, அதுவும் அவனுக்கு. கால்சட்டை ஒன்று, அவன் இடுப்பில் ஏறாது, அவளுக்கு. காலணி ஒரு ஜோடி, அதுவும் அவளுக்கே. காலுறை இரண்டு, அவன் பாதங்களுக்கு, கல்லும் முள்ளும் எத்தனை தூரம் விட்டுவைக்குமோ. நடக்க வேண்டியது நான்கு மைல். நடப்பவர்கள் இரண்டு பேர். அதில் நம்பிப் பின்னால் போகக்கூடிய ஆள்... ஒன்று என்று சொல்ல வாயெடுத்தவள், யாரைச் சொல்வது என்று தெரியாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.