நுல்லா என்று எழுதிய தாள்

பள்ளி எழுத்தர் கோசிமோ அலுவலகக் கதவைச் சாத்தியபோதே விஷயம் நல்லதல்ல என்று டொனாத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. தெற்கு இத்தாலியில், தாரந்தோவைச் சுற்றியுள்ள பள்ளிகளில் பதினான்கு வருஷம் ஆள் வராத நாட்களுக்கெல்லாம் பதில் ஆளாகக் கூட்டிப் பெருக்கி, மணியடித்து, போன செப்டம்பரில்தான் நிரந்தரமாகியிருந்தாள். இந்த வேலை போனால், நாற்பத்தெட்டு வயதில் யார் கூப்பிட்டு வேலை தரப்போகிறார்கள்?

"அக்கா, 'எனக்கு எந்தத் தண்டனையும் இல்லை'ன்னு வேலையில சேர்ந்தப்ப குடுத்த படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஆமா. இல்லதானே?"

"இரண்டாயிரத்து ஒண்ணுல ஏதோ முத்திரையைக் கிழிச்சதா..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நகராட்சி அனுமதியில்லாமல் அண்ணன் கட்டிய கொட்டகையின் கதவில், திறக்கக்கூடாது என்று முத்திரையிட்ட தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே, ஆகஸ்டில் வேர்க்க விறுவிறுக்கக் காய்ச்சி அடைத்த தக்காளிச் சாறு, வருஷம் முழுக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை பாஸ்தாவுக்கு என்ன செய்வது? தாளைக் கிழித்தாள், புட்டிகளை எடுத்தாள். நீதிமன்ற அபராதம் தபாலில் வந்தது, கட்டிவிட்டாள். நீதிபதியின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். படிவத்தில் கையெழுத்துப் போடுமுன், எதற்கும் இருக்கட்டும் என்று நீதிமன்றத்தில் வரிசையில் நின்று வாங்கிய சான்றிதழ். நடுவில் கொட்டை எழுத்தில் 'நுல்லா'. ஒன்றுமில்லை.

"இது உங்க கைக்குக் குடுக்குற தாள்க்கா. சின்னக் குத்தத்தை இதுல காட்ட மாட்டாங்க, பேரு கெடக்கூடாதுன்னு. எங்க ஆபீசுக்கு வர்ற தாள்ல எல்லாமே இருக்கும்."

"ஒரே கோர்ட்டு எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு சொல்லுமா?"

கோசிமோ பேனாவை உருட்டினான்.

"தக்காளிப் புட்டிக்காகவா தம்பி என்னை வேலையை விட்டுத் தூக்குறீங்க?"

"அதுக்கில்லக்கா. அதை எழுதியிருந்தா யாரும் சீந்தியிருக்க மாட்டாங்க. இல்லைன்னு எழுதினீங்க பாருங்க, அது பொய் வாக்குமூலம். அபராதம் வந்து அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு மனு போட்டிருந்தா, அது முடிஞ்சு போச்சுன்னு நீதிபதியே எழுதிக் குடுத்திருப்பாரு, அப்ப இல்லைன்னு எழுதினாலும் தப்பில்ல."

"இல்லவே இல்லைன்னு கோர்ட்டே சொன்னதை அழிக்கணும்னு நான் எதுக்குடா போவேன்!"

அரசாங்கம் கருணை காட்டி மறைத்ததை நம்பியது மட்டும்தான் அவள் செய்த பிழை. அந்தக் கருணை இப்போது அவள் கழுத்தை அறுத்தது. அழக்கூடாது என்றுதான் நினைத்தாள், முடியவில்லை.

கோசிமோ நீட்டிய வேலை நீக்கக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். இன்று முதல் என்றிருந்தது. கையெழுத்துப் போட்டாள். சுவர்க் கடிகாரம் ஒன்றரையைத் தொட்டது. மாடியில் நாற்காலிகள் இழுபட்டன. பிள்ளைகள் மணிக்காகக் காத்திருந்தார்கள். பழக்கத்தில் எழுந்து போய் மணிப் பொத்தானில் விரலை வைத்தவள், அப்படியே நின்றாள்.

"கோசிமோ, இதை நான் அடிச்சா அதுக்கும் உங்க தாள்ல ஒரு வரி ஏறுமா?"

அவன் எழுந்து வந்து, அவள் விரலை மெதுவாக விலக்கிவிட்டுத் தானே அழுத்தினான்.