இரும்பைக் கவ்வும் பொடி

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் சட்டென்று எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

இரும்பு போன்ற உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் வேதிப்பொருள் ஒன்றை வளர்ப்புச் செல்களில் கலந்து பார்ப்பது அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுடைய வேலை. மருந்து படாத தட்டில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்திருந்தன. மருந்து பட்டதில் பாதிக்கு மேல் செத்து மிதந்தன. தப்பிப் பிழைத்தவற்றுக்குச் சாயமேற்றிப் பார்த்தால், உள்ளே குரோமோசோம்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. சில துண்டுகள் சம்பந்தமில்லாத இடத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இரும்பைப் பிடுங்கிட்டா செல்லு எப்படிம்மா ஒழுங்கா பிரியும்?" என்று சொல்லிவிட்டு மூத்த ஆய்வாளர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அவள் தட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டை மறுபடி படித்தாள். அந்த வேதிப்பொருளின் பெயரை வேறெங்கோ பார்த்திருந்தாள். கை கழுவும்போது பொறி தட்டியது. நேற்றுச் சாயங்காலம் வீட்டில் சர்க்கரை டப்பாவை எடுத்தபோது பின்னாலிருந்து உருண்டு விழுந்த பொடிப் புட்டியின் லேபிளில்!

ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் அவள் கணவன், சில வாரமாகவே அசதி அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அன்றும் லீவு போட்டுப் படுத்திருந்தான்.

புட்டியை எடுத்து அவன் முன் நீட்டினாள். "இதை யாரு உங்களுக்குக் குடுத்தது?"

"நம்ம பட்டறை நெட்டைதான். வெல்டிங் புகையில உடம்புல சேர்ற உலோகத்தை எல்லாம் இது இழுத்துட்டுப் போயிடுமாம். அவன் ரொம்ப நாளா சாப்பிடுறான்."

"உடம்புக்கு வேணுங்கிறது எது, வேண்டாதது எதுன்னு பார்த்து எடுக்க அதுக்குக் கண்ணா இருக்கு? டாக்டரைக் கேட்டீங்களா?"

"இதுக்குப் போயா? நீ திட்டுவேன்னுதான் மறைச்சு வச்சேன்" என்று சிரித்தான். சிரித்த வாயில் ஈறோரம் ரத்தம் கசிந்திருந்தது. அதைப் பார்த்ததும் சட்டையை எடுத்து அவன் மேல் போட்டாள்.

ஆட்டோவில் போகும்போதே நெட்டையின் வீட்டுக்குப் போன் போட்டாள். அவன் மனைவி எடுத்தாள்.

"அவருக்கு ஜுரம் அக்கா. சளிதான், கஷாயம் போட்டுக் குடுத்திருக்கேன்."

"கஷாயமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவரைக் கூட்டிக்கிட்டு, அந்தப் பொடியையும் எடுத்துக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்கு வா. கெஞ்சிக் கேக்குறேன்."

மருத்துவமனையில் ரத்தத்தைச் சோதித்த மருத்துவர் முகம் இறுகியது. கணவனுக்கு வெள்ளையணுக்கள் பாதாளத்துக்குப் போயிருந்தன. "பொடியை நிறுத்தியாச்சு. இனிமே காத்திருக்கணும். கிருமியை எதிர்க்கிற சக்தி இப்ப இவருக்கு இல்ல. ஒரு தும்மல்கூட இவரை அண்டக் கூடாது."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவன் இருமினால் இவளுக்கு உயிர் போய்ப் போய் வந்தது. கண்ணை மூடினாலோ, மைக்ராஸ்கோப்பில் பார்த்த அந்தத் துண்டுகள். ரத்தம் ஊறும் இவன் எலும்புக்குள்ளும் இப்போது அப்படித்தான் கிடக்கிறதோ?

நெட்டையை அன்று மாலைதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிருமி ரத்தத்தில் பரவிவிட்டிருந்தது. இரண்டாம் நாள் விடியும்போது வராந்தாவில் அவன் மனைவியின் அலறல் கேட்டது.

இவள் கணவனுக்கு வெள்ளையணுக்கள் மெல்ல மெல்ல ஏறின. வீட்டுக்கு அனுப்பும்போது, "பயப்பட ஒண்ணுமில்ல. குழந்தை விஷயத்தை மட்டும் கொஞ்ச காலம் தள்ளிப் போடுங்க. அந்தப் பொடி விந்தணுவையும் கெடுத்திருக்கலாம்" என்றார் மருத்துவர்.

"எவ்வளவு காலம் டாக்டர்?" என்று கேட்டான் அவன்.

அவர் ரிப்போர்ட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டத் தொடங்கினார். அவள் அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.